மெட்டா டேக் இன்னும் தேவையா? உங்கள் தளத்தை நீங்களே சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

நாட்டு விதை விற்கும் நண்பர் ஒருவர் புதிதாக ஒரு இணையதளம் போட்டார். மூன்று மாதம் ஆகியும் கூகுளில் வரவில்லை. கடையின் பெயரை அப்படியே தட்டினாலும் வேறு யார் யாரோ வருகிறார்கள், இவர் இல்லை. எஸ்இஓ, அதாவது தளத்தைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலை, தெரிந்தவர் என்று ஒருவரைப் பிடித்தார். அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் முப்பத்தைந்து கீவேர்டு (தேடல் சொல்) நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை.

நான் பக்கத்தின் சோர்ஸை, அதாவது அதன் பின்னால் இருக்கும் குறிமுறையை, திறந்து பார்த்தேன். மெட்டா டேக் என்பது அங்கே, பார்ப்பவர் கண்ணில் படாமல், பக்கத்தைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பு. அந்த முப்பத்தைந்து கீவேர்டுக்கு நாலு வரி மேலே இன்னொரு மெட்டா டேக் இருந்தது: நோஇண்டெக்ஸ். ‘இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே’ என்று கூகுளிடம் சொல்லும் டேக் அது. தளம் கட்டிக்கொண்டிருந்தபோது போட்டது; திறப்பு விழாவன்று எடுக்க மறந்துவிட்டார்கள். மேலே ‘வராதே’ என்று பலகை. கீழே ‘வாருங்கள்’ என்று முப்பத்தைந்து முறை அழைப்பு.

‘மெட்டா டேக் இன்னும் வேலை செய்யுமா’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சங்கதிகள் கிடக்கின்றன. ரேங்கை ஏற்றிவிடும் என்று நம்பிப் போடப்படுபவை பெரும்பாலும் எதையும் ஏற்றுவதில்லை. ஆனால் இரண்டு மூன்று டேக்குகள் தப்பாக இருந்தால் தளமே காணாமல் போகும். வேறு இரண்டு, தேடல் முடிவில் உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் கெடுப்பவற்றைப் பார்ப்போம், அப்புறம் காட்டுபவை, கடைசியில் குப்பை. எஸ்இஓ பிளகின்கள் (தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள்) உங்களை நிரப்பச் சொல்லும் வரிசைக்கு இது கிட்டத்தட்டத் தலைகீழ்.

முதல் படி: சோர்ஸைத் திறப்பது

கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் உங்கள் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், யூ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு போனில் குரோம் என்றால், முகவரிக்கு முன்னால் ‘வியூ-சோர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்தால் போதும். தொடக்கத்தில் ‘ஹெட்’ என்று ஒரு பகுதி வரும். அதற்குள்ளேதான் நாம் தேடுகிற எல்லாமும் இருக்கும். படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. கன்ட்ரோல், எஃப் அழுத்தி வார்த்தையைத் தேடினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சில தளங்களில் டேக்குகளை ஜாவாஸ்கிரிப்ட் பிறகுதான் செருகும். அவை சோர்ஸில் தெரியாது. அந்த மாதிரித் தளம் என்றால் கூகுள் சர்ச் கன்சோலுக்குள் போய், மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முகவரியைப் போட்டு, கூகுள் என்ன பார்த்தது என்பதையே பாருங்கள். சர்ச் கன்சோல், தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் கருவி; இலவசம். தளம் வைத்திருந்தும் அதில் சேராதவர்கள் இன்றைக்கே சேரலாம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அவர்கள் தரும் வழிகளில் ஒன்றும் ஒரு மெட்டா டேக்தான்.

இரண்டாம் படி: கதவு திறந்திருக்கிறதா?

சோர்ஸில் நோஇண்டெக்ஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒட்டி எழுதித் தேடுங்கள். முகப்பிலும், நாலைந்து முக்கியமான பக்கங்களிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். வேர்ட்பிரஸ் தளம் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய (தேடல் பட்டியலில் சேர்க்க) வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். நண்பரின் கடையைக் காணாமல் செய்தது அந்த ஒரு டிக்தான். சோர்ஸில் இல்லாமல் சர்வர் அனுப்பும் ஹெடரிலும் இதே கட்டளை ஒளிந்திருக்கலாம். சர்ச் கன்சோல் ‘நோஇண்டெக்ஸ் இருக்கிறது’ என்று சொல்லி, சோர்ஸில் தேடினால் கிடைக்கவில்லை என்றால், ஹோஸ்டிங் பார்க்கிற ஆளைக் கேளுங்கள்.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ரோபோட்ஸ் டெக்ஸ்ட் என்று தளத்தின் வேரில் ஒரு கோப்பு இருக்கும். ரோபோட்ஸ் மெட்டா டேக் வேறு. கோப்பு ‘உள்ளே வந்து படிக்காதே’ என்கிறது. டேக் ‘படித்துக்கொள், ஆனால் தேடலில் காட்டாதே’ என்கிறது. ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரியம் கெட்டது. கோப்பு தடுத்துவிடுவதால் கூகுள் உள்ளே வராது. வராததால் நோஇண்டெக்ஸைப் படிக்காது. வேறு தளங்கள் கொடுத்த இணைப்பை வைத்துக்கொண்டு வெறும் முகவரியைத் தேடலில் காட்டிக்கொண்டே இருக்கும். மறைக்க வேண்டிய பக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே நோஇண்டெக்ஸ் எழுதி வைப்பதே சரியான முறை. நோஇண்டெக்ஸ் கட்டளையை அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை.

நோஇண்டெக்ஸ் எங்கே இருப்பது நல்லது? ‘ஆர்டருக்கு நன்றி’ பக்கம், தளத்துக்குள் தேடினால் வரும் முடிவுப் பக்கம், சோதனைக்காகப் போட்ட பக்கம். இவ்வளவுதான். ‘இண்டெக்ஸ், ஃபாலோ’ என்று எழுதியிருந்தால் மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஒன்றும் எழுதாவிட்டாலும் அதுதான் இயல்புநிலை.

அடுத்து கெனானிக்கல். கறாராகப் பார்த்தால் இது மெட்டா டேக் இல்லை, லிங்க் டேக். ஆனால் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது; கெடுக்கும் சக்தியும் குறைவில்லை. ஒரே சரக்கு பல முகவரிகளில் கிடைக்கும்போது எது அசல் என்று சொல்வதற்காக 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. நகல் அல்லாத ஒவ்வொரு பக்கத்தின் கெனானிக்கலும் அந்தப் பக்கத்தின் சொந்த முகவரியைக் காட்ட வேண்டும். ஒரு தளத்திலிருந்து டெம்ப்ளேட்டை நகலெடுத்து இன்னொன்று செய்யும்போது எல்லாப் பக்கங்களின் கெனானிக்கலும் முகப்பையே காட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் ‘என் தளத்தில் முகப்பைத் தவிர மற்றதெல்லாம் நகல்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. கூகுள் இதைக் கட்டளையாக எடுக்காமல் குறிப்பாகத்தான் எடுக்கிறது என்பதால் சில சமயம் தப்பிக்கலாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

கதவு விஷயத்தில் கடைசியாக ஒன்று. ஹெட் பகுதிக்குள் படம், ஐஃப்ரேம் போன்றவற்றுக்கு இடமில்லை. விளம்பரக் கணக்கு வைப்பவர்கள் கொடுக்கும் நிரல் துணுக்கை அங்கே ஒட்டும்போது அதற்குள் ஒரு பட டேக் இருந்துவிட்டால், ஹெட் அங்கேயே முடிந்துவிட்டது என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எதையும் படிக்காது. ஆகவே முக்கியமான டேக்குகள் எல்லாம் மேலே, வெளியார் துணுக்குகள் கீழே.

மூன்றாம் படி: டைட்டில்

இதுவும் பெயரளவில் மெட்டா டேக் இல்லைதான். ஆனால் ஹெட்டுக்குள் இருப்பவற்றில் உங்கள் உழைப்புக்குக் கைமேல் பலன் தருவது இதுவே. பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் புரிந்துகொள்ளவும் உதவுகிறது; தேடுபவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

ஒரு உதாரணம். தமிழ்நாட்டில் நிலம் வாங்கியவர் எல்லோரும் தேடுகிற சமாச்சாரம் பட்டா மாறுதல். அதைப் பற்றி நல்ல கட்டுரை எழுதிவிட்டு, டைட்டிலை இப்படி வைத்திருப்பார்கள்:

‘முகப்பு | நில சேவைகள் | பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம், நில அளவை’

இது டைட்டில் இல்லை, மளிகைப் பட்டியல். தேடுபவருக்கு வேண்டியது இந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இப்படி மாற்றலாம்:

‘பட்டா மாறுதல்: தேவையான ஆவணங்கள், இ-சேவையில் விண்ணப்பிக்கும் முறை’

தேடுபவர் தட்டும் சொல் முதலிலேயே வந்துவிட்டது. அது ‘பட்டா மாறுதலுக்கான’ என்று உருபு ஒட்டி உருமாறாமல் நிற்கிறது. தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகும். கட்டுரைக்குள் அது அழகு. டைட்டிலில் மட்டும், மக்கள் தட்டுகிற வடிவத்தைப் பிரித்துத் தனியாக நிறுத்துவது நல்லது. சிலர் ‘பட்டா பெயர் மாற்றம்’ என்று தேடுவார்கள், நிறையப் பேர் ஆங்கில எழுத்திலேயே தட்டுவார்கள். அத்தனையையும் டைட்டிலில் திணிக்காதீர்கள். எந்தச் சொல்லில் உங்களைத் தேடி வருகிறார்கள் என்று சர்ச் கன்சோலில் பட்டியலே இருக்கிறது. அதில் முன்னால் நிற்பதை டைட்டிலில் வையுங்கள், அடுத்ததைப் பக்கத்தின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ இயல்பாகச் சொல்லிவிடுங்கள்.

நீளம்? டைட்டிலுக்கு இத்தனை எழுத்து என்று கூகுள் வரம்பு எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்தில் இடம் தீர்ந்ததும் வெட்டுகிறது, அவ்வளவுதான். ‘அறுபது எழுத்து’ என்று ஊரெல்லாம் சொல்வது ஆங்கிலத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. தமிழுக்கு அது பொருந்தாது. ‘தமிழ்நாடு’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு அது ஒன்பது. பிளகினில் எரியும் சிவப்பு விளக்கு இந்த ஒன்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. மறுபக்கம், நம்முடைய ணகரமும் ஊகாரமும் அகலமானவை. ஒரே எண்ணிக்கையில் இரண்டு டைட்டில்களில் ஒன்று முழுதாகத் தெரியும், இன்னொன்று பாதியில் நிற்கும். ஆகவே எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். முக்கியமான சொல் முதல் பாதியில் இருக்கிறதா, கடைசிச் சொல் வெட்டுப்பட்டாலும் பொருள் புரியுமா என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினாலும் கூகுள் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடலாம். 2021 ஆகஸ்டில் அவர்கள் டைட்டில் காட்டும் முறையை மாற்றியபோது தளம் நடத்துபவர்கள் மத்தியில் பெரிய கூச்சல் எழுந்தது. அடுத்த மாதமே கொஞ்சம் இறங்கி வந்து, சுமார் 87 சதவீத நேரம் தளத்துக்காரர் எழுதிய டைட்டிலையே எடுப்பதாகச் சொன்னார்கள். மற்ற நேரங்களில் பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ, வேறு தளங்கள் கொடுத்த இணைப்பின் சொற்களிலிருந்தோ எடுப்பார்கள். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில், காலியான டைட்டில், மேலே பார்த்த மளிகைப் பட்டியல் ஆகியவைதான் அதிகம் மாற்றப்படும். டைட்டிலும் பக்கத்துத் தலைப்பும் ஒரே விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள்.

நான்காம் படி: டிஸ்கிரிப்ஷன்

இதற்கும் ரேங்குக்கும் சம்பந்தம் இல்லை என்று கூகுள் 2009-இலிருந்தே சொல்லி வருகிறது. அப்புறம் எதற்கு எழுத வேண்டும்? தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வரும் இரண்டு வரியை எடுக்க இதுவும் ஒரு ஆதாரம் என்பதால். ‘ஒரு ஆதாரம்’ என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தே, தேடப்பட்ட சொல்லுக்கு ஏற்ப ஒரு துண்டை எடுப்பார்கள். நீங்கள் எழுதியது அதைவிடப் பொருத்தமாக இருந்தால் அதை எடுப்பார்கள்.

அதனால் நூறு பக்கம் இருந்தால் நூறுக்கும் உட்கார்ந்து எழுதாதீர்கள். அதிகம் பேர் வருகிற பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு மட்டும் எழுதுங்கள். மீதியை விட்டுவிடுங்கள், கூகுளே எடுத்துக்கொள்ளும். எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகத்தை ஒட்டி வைப்பதைவிடக் காலியாக விடுவது மேல்.

பட்டா கட்டுரைக்கு ‘பட்டா மாறுதல் பற்றிய முழு விவரங்களையும் எங்கள் தளத்தில் அறிந்துகொள்ளுங்கள்’ என்று எழுதினால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ‘உட்பிரிவு தேவைப்படும் நிலத்துக்கும் தேவைப்படாத நிலத்துக்கும் விண்ணப்பம் வேறு. எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்கள், மனு நிராகரிக்கப்பட்டால் செய்ய வேண்டியது’ என்று எழுதினால், நிராகரிக்கப்பட்ட மனுவோடு உட்கார்ந்திருப்பவர் நிச்சயம் நிற்பார். பக்கத்தில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நீளத்துக்காக ஓடாதீர்கள் என்பதற்கு இன்னொரு கதை உண்டு. 2017 டிசம்பரில் கூகுள் டைட்டிலுக்குக் கீழே வரும் இந்தத் துணுக்கின் நீளத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது. எஸ்இஓ ஆட்கள் வாடிக்கையாளர்களின் டிஸ்கிரிப்ஷன்களையெல்லாம் நீட்டி நீட்டி எழுதி முடித்தார்கள். 2018 மே மாதத்தில் கூகுள் பழையபடி சுருக்கிவிட்டது.

துணுக்கே வேண்டாம் என்பவர்களுக்கு நோஸ்னிப்பெட் என்ற கட்டளை இருக்கிறது. இத்தனை எழுத்துக்கு மேல் எடுக்காதே என்று அளவு வைக்க மேக்ஸ்-ஸ்னிப்பெட் இருக்கிறது. இரண்டும் ரோபோட்ஸ் டேக்குக்குள் வருபவை. கூகுள் தேடலின் மேலே ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கத்தில் உங்கள் எழுத்து எவ்வளவு எடுக்கப்படலாம் என்பதையும் இவைதான் கட்டுப்படுத்துகின்றன. போட்டால் சாதாரணத் தேடலிலும் உங்கள் துணுக்கு போய்விடும் அல்லது சுருங்கிவிடும். கோபத்தில் போடாமல் யோசித்துப் போடுங்கள். இதே குடும்பத்தில் நல்ல பிள்ளை ஒன்று: மேக்ஸ்-இமேஜ்-பிரிவியூ, அதன் மதிப்பு லார்ஜ். கூகுள் டிஸ்கவரில் (தேடாமலே போனில் கூகுள் காட்டும் கட்டுரைப் பட்டியல்) உங்கள் படம் பெரிதாக வர இதுவும், குறைந்தது 1200 பிக்சல் அகலமுள்ள படமும் வேண்டும். வேர்ட்பிரஸ் 2021 முதல் இதைத் தானாகவே போடுகிறது.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப் அட்டை

ஓப்பன் கிராஃப் டேக்குகள் 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்தவை. கூகுள் ரேங்குக்காக வந்தவை அல்ல. ஆனால் நம் ஊரில் பல தளங்களுக்கு ஆட்கள் வருவது வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக. லிங்கை ஒட்டியதும் படமும் தலைப்பும் உள்ள அட்டை வருகிறதா, வெறும் நீல எழுத்து வருகிறதா என்பதை இந்த டேக்குகள்தான் முடிவு செய்கின்றன. தலைப்பு, விவரம், படம் மூன்றும் இருந்தால் போதும். படத்துக்கு 1200-க்கு 630 பிக்சல், சில நூறு கேபிக்குள். முகவரி முழுதாக, தளத்தின் பெயரோடு இருக்க வேண்டும். படத்தை மாற்றிய பிறகும் பழைய அட்டையே வந்தால் பதற வேண்டாம். ஏற்கெனவே எடுத்து வைத்ததைக் காட்டுகிறது. ஃபேஸ்புக்குக்கு அவர்களே ஷேரிங் டீபக்கர் என்ற கருவி வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுப் புதுப்பிக்கலாம்.

ஆறாம் படி: எழுத்தும் திரையும்

இரண்டே டேக். ஒன்று, எழுத்துகளை எந்த முறையில் படிப்பது என்று சொல்லும் கேரக்டர் செட். யூடிஎஃப்-8 என்று, பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். இதற்கு மேலே நீளமாகத் தமிழில் குறிப்பு எழுதி வைத்தால் எல்லை சீக்கிரம் தாண்டிவிடும். பாமினி, டிஸ்கி என்ற பழைய எழுத்துமுறைகளின் காலத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாமினியில் எழுதிய பக்கம் நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்தக் காலத்துப் பழைய பக்கங்கள் உங்களிடம் இன்னும் இருந்தால், எந்த மெட்டா டேக்கும் அவற்றைக் காப்பாற்றாது. யூனிகோடுக்கு மாற்றுவதுதான் ஒரே வழி.

இன்னொன்று வியூபோர்ட். இது இல்லாவிட்டால் போனில் பக்கம் எறும்பு சைஸில் தெரியும். கூகுள் இப்போது தளங்களை மொபைல் வடிவத்தை வைத்தே இண்டெக்ஸ் செய்கிறது. இன்றைய தீம் எல்லாவற்றிலும் இது இருக்கும். பத்து ஆண்டு பழைய தளம் என்றால் மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: குப்பை

கீவேர்ட்ஸ் டேக். 1990-களின் நடுவில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் இதைக் கணக்கில் எடுத்தன. பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் ஆளாளுக்கு இஷ்டப்படி நிரப்பினார்கள். 2002-இல் ஆல்டாவிஸ்டாவும் கைவிட்டது. தேடலில் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. எதிலும் ரேங்க் தராத இந்த டேக் வழக்கு மட்டும் தரும் என்பது வேடிக்கை. ஒரு திருமணத் தகவல் தளத்தின் பெயரைப் போட்டித் தளம் தன் மெட்டா டேக்கில் வைத்துக்கொண்ட விவகாரம் 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், தடை உத்தரவும் வந்தது.

‘ஏழு நாளுக்கு ஒருமுறை வந்து பார்’ என்று சொல்லும் ரிவிசிட்-ஆஃப்டர், நோஓடிபி போன்றவையும் இதே கூடைதான். நோஓடிபி, டிமோஸ் என்ற இணைய அடைவிலிருந்து விவரம் எடுக்காதே என்று சொன்னது. அந்த அடைவையே 2017-இல் மூடிவிட்டார்கள். எடுக்க நேரமிருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் கிடக்கட்டும்.

மாற்றிய பிறகு

திருத்திய பக்கத்தைச் சர்ச் கன்சோலில் கொடுத்து இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். என்றைக்கு எதை மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிருக்காது. பலனைப் பார்க்கும்போது, நிறையத் தடவை காட்டப்பட்டும் குறைவாகவே கிளிக் ஆகும் பக்கங்களைத் தேடுங்கள். முதல் பத்து இடத்துக்குள் இருந்தும் ஆள் வரவில்லை என்றால் டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும் திருத்துவதில் அர்த்தம் உண்டு. நாற்பதாவது இடத்தில் கிடக்கும் பக்கத்துக்கு டேக்கை மாற்றிப் பயனில்லை; எழுத்தைத்தான் திருத்த வேண்டும்.

நண்பர் அந்த டிக்கை எடுத்தார். சில நாளில் கடையின் பெயரைத் தட்டினால் அவர் தளமே முதலில் வந்தது. ‘நாட்டு விதை’ என்று பொதுவாகத் தட்டினால் இன்னும் மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறார். அதற்கு விதைகளைப் பற்றி எழுத வேண்டும். இப்போது வாரம் ஒன்று எழுதுகிறார். அந்த முப்பத்தைந்து கீவேர்டையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். காசு கொடுத்துப் போட்டது, அழிக்க மனசு வரவில்லையாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அதற்குள் பக்கத்து ஊர்ப் போட்டிக் கடையின் பெயரும் இருந்தது. அதை மட்டும் அன்றைக்கே எடுக்கச் சொன்னேன்.